காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுபவனை யார் வரைவது?

குற்ற உலகைச் சொல்லும் காமிக்ஸ்களையும் கிராஃபிக் நாவல்களையும் பற்றி வாசகர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் ரத்தத்தின் அளவையே சுற்றிவரும். ஒருவருக்கு அது தாங்க முடியாத கொடூரம்; இன்னொருவருக்கு அதே பக்கம் போதாத கொடூரம். வடசென்னையில் தண்டையார்பேட்டை, இராயபுரம், பெரம்பூர்ப் பக்கத்து ஆட்களாகிய நாங்கள் சிலர் இத்தகைய புத்தகங்களைக் கைமாற்றிப் படித்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டு அவற்றைப் பற்றிச் சண்டை போடுவது வழக்கம். அந்தச் சண்டைகளில் வந்த கருத்துகளையும், அவற்றில் எதை ஏற்கிறேன், எதை ஏற்க மறுக்கிறேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று திரையில் ஒலித்தால் அடுத்த காட்சியில் அரிவாள் வரும் என்பது தமிழ்நாடு முழுவதற்கும் பழகிவிட்டது. கேரம் பலகையைக் காட்டினால் அதைச் சுற்றி நிற்பவர்கள் யாரையோ போட்டுத்தள்ளத் திட்டமிடுகிறார்கள் என்று பொருள். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்த பிறகும் அந்தப் பலகையின் மீதான சந்தேகம் முழுவதும் நீங்கிவிட்டதாகத் தெரியவில்லை. ஆகவே எங்கோ அமெரிக்காவிலோ பிரான்சிலோ நடக்கும் ஒரு குற்றக் கதையைப் படிக்கும்போதுகூட, இதை அந்த ஊர்க்காரன் படித்தால் என்ன நினைப்பான் என்ற கேள்வி எங்களுக்குத் தானாகவே எழுகிறது. அண்ணாநகரிலோ அடையாறிலோ உட்கார்ந்து படிக்கும் வாசகருக்கு இந்தக் கேள்வி எழாது என்று நான் சொல்லவில்லை; ஆனால் அவருக்கு அது ஒரு விவாதப் பொருளாக இருக்கும், எங்களுக்கு அது முகவரி.

எங்களில் மூத்தவர், நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்டபோது பள்ளி மாணவர்; 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பழைய இதழ்களைப் பொறுக்கி வாங்கியவர். அவருக்குப் புதிய குற்றக் கதைகள் பிடிப்பதில்லை. "பேப்பர்ல இலவசமா வர்றத இவன் படமா போட்டுக் காசு கேக்குறான் தம்பி" என்பது அவருடைய நிரந்தரத் தீர்ப்பு. பழைய காமிக்ஸ் நாயகர்களான சீக்ரெட் ஏஜெண்ட் காரிகனும் ரிப் கிர்பியும் இருந்த இடத்தில் இந்தத் தாடிக்காரக் கொலைகாரர்கள் எதற்கு என்று கேட்பார்.

இந்த வாதத்தை நான் எளிதில் ஒதுக்குவதில்லை. ஆனால் காரிகனின் பிறப்பை அவருக்கு நினைவூட்டாமல் இருக்கவும் முடிவதில்லை. 1934இல் 'சீக்ரெட் ஏஜெண்ட் எக்ஸ்-9' என்ற பெயரில் அந்தத் தொடர் அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கியபோது அதற்குக் கதை எழுதியவர் டாஷியல் ஹாமெட், படம் வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். ஹாமெட் எழுத்தாளராவதற்கு முன்பு பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். குற்றக் கதையை மாளிகை வரவேற்பறையிலிருந்து தெருவுக்கு இறக்கியவர்களில் முதன்மையானவர். அண்ணன் வெறுக்கும் இன்றைய எழுத்தாளர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அவருடைய பேரப்பிள்ளைகள். ரேமண்ட் 1946இல் உருவாக்கிய ரிப் கிர்பியின் வீட்டில் தேநீர் கொண்டுவரும் டெஸ்மண்ட் யார்? பெட்டகம் உடைத்துப் பிழைத்த பழைய திருடன். 1984இல் லயன் காமிக்ஸின் முதல் இதழில் வந்த மாடஸ்டி யார்? குற்றக் கும்பல் ஒன்றின் தலைவியாக இருந்து, சொத்துச் சேர்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவள். தமிழ் வாசகனுக்கு இருட்டு புதிதன்று. நெடுங்காலமாக நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொன்னபோது அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, காரிகன் கடைசியில வீட்டுக்குத் திரும்பிப் போறான் இல்ல?" என்றார். அவருடைய உண்மையான மறுப்பு அங்கேதான் இருக்கிறது. நாள் முழுவதும் பாரத்தையும் சண்டையையும் பார்த்துவிட்டு வருகிற மனிதனுக்கு, கதையில் ஒருவனாவது முழுதாக வீடு திரும்ப வேண்டும் என்ற விருப்பம் குழந்தைத்தனமானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருட்டைப் படிப்பதுதான் முதிர்ச்சி என்று பெருமையடித்துக்கொள்ளும் இளைய வாசகர்களிடம் எனக்கு அதிக மரியாதை இல்லை.

இந்தக் கூட்டத்தில் நான் அதிகம் கவனித்துக் கேட்பது ஒரு வழக்கறிஞரின் கருத்தை. ஜார்ஜ் டவுன் நடுவர் நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்துகிறார். எங்களைவிட வயதில் இளையவர் என்றாலும் எல்லோருக்கும் அவர் 'மேடம்'தான். குற்றக் காமிக்ஸ்கள் மீது அவர் வைக்கும் குற்றச்சாட்டு ரத்தத்தைப் பற்றியதே அன்று. கதையில் துப்பாக்கி வெடிக்கிறது, அடுத்த பக்கத்தில் பழிவாங்கல் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வருடங்கள் எங்கே என்று கேட்கிறார். ரிமாண்ட், காவல் நீட்டிப்பு, ஜாமீன் மனு, சொத்துவரி ரசீதோடு வரவேண்டிய பிணையாள், வராத பிணையாளைத் தேடி அலையும் அம்மா, வாய்தாவுக்கு மேல் வாய்தா, அந்த வாய்தா நாட்களில் போன கூலி என்று குற்றத்தின் பெரும்பகுதி காத்திருப்பில்தான் கழிகிறது என்பது அவருடைய அனுபவம். "நிபந்தனை ஜாமீன்ல வந்தவன் தினமும் காலைல பத்தரைக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். அதனால அவனை எவனும் வேலைக்கு வெச்சுக்க மாட்டான். வேலையில்லாதவன் மறுபடி யார்கிட்ட போவான்? அந்தக் கையெழுத்த யாராவது வரைஞ்சிருக்காங்களா?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குத் தெரிந்து யாரும் வரையவில்லை.

அவருடைய அளவுகோலுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும் தொடர், எட் புரூபேக்கர் எழுத, ஷான் ஃபிலிப்ஸ் வரைந்து 2006இல் தொடங்கிய 'கிரிமினல்'. அதன் முதல் கதையின் நாயகன் லியோ ஒரு தேர்ந்த திருடன். ஆனால் அவனுடைய புகழ் துணிச்சலால் வந்ததன்று, ஆபத்து வரும்போது முதலில் ஓடிவிடுவான் என்பதால் வந்தது. வீட்டில் அவன் பராமரிப்பது தன் தந்தையின் பழைய கூட்டாளியை. மறதி நோயும் போதைப் பழக்கமும் சேர்ந்த முதியவர். திருட்டுக்குப் போகும் முன் அந்தக் கிழவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை அவனுக்கு இருக்கிறது. கொள்ளைத் திட்டத்தை விட இந்தக் கவலைதான் என்னைக் கதைக்குள் இழுத்தது. கும்பலுக்கும் குடும்பம் உண்டு, குடும்பத்துக்கும் மருந்துச் செலவு உண்டு என்பதை அறிந்த எழுத்து அது.

அத்தொடரின் இன்னொரு சிறப்பு, தந்தையின் கடன் மகனுக்கு இறங்குவதைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டுவது. போரிலிருந்து திரும்பிய டீக் லாலெஸ் ஒரு கதையில் வருகிறான்; அவன் மகன் டிரேசி, தம்பி எப்படிச் செத்தான் என்று கண்டுபிடிக்க இராணுவத்தை விட்டு ஓடிவரும் கதை வேறொன்று. ஒவ்வொரு கதையையும் தனியாகவும் படிக்கலாம். ஆனால் வரிசையாகப் படித்தால் ஒரே மதுக்கடையில் வெவ்வேறு பத்தாண்டுகளில் ஒரே தவறைப் புதிய ஆட்கள் செய்வது தெரியும். ஃபிலிப்ஸின் பிற்காலப் புத்தகங்களுக்கு வண்ணம் தீட்டுபவர் அவருடைய மகன் ஜேக்கப் என்பது இந்த இடத்தில் தேவையில்லாத செய்திதான். இருந்தாலும் எனக்குப் பிடித்த செய்தி.

பிரையன் அஸ்ஸரெல்லோவும் எடுவார்டோ ரிஸ்ஸோவும் 1999 முதல் 2009 வரை நடத்திய '100 புல்லட்ஸ்' இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. கிரேவ்ஸ் என்ற மனிதர் உங்களைத் தேடி வருகிறார். உங்கள் வாழ்க்கையைக் கெடுத்தவன் யார் என்பதற்கான அசைக்க முடியாத ஆதாரமும், ஒரு துப்பாக்கியும், எந்த விசாரணையும் பின்தொடர முடியாத நூறு தோட்டாக்களும் கொண்ட பெட்டியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கணவனையும் குழந்தையையும் இழந்து, சிறையிலிருந்து வெளிவரும் டிஸ்ஸி என்ற பெண்ணிடம் முதல் பெட்டி வருகிறது. இந்த வித்து எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது; மேடத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை. விசாரணையே இல்லாத உலகம் அவருக்குக் கற்பனைக் கதையாகத் தெரிகிறது, டிராகனும் மந்திரவாதியும் இல்லாத ஒரே குறைதான் என்றார். பின்னால் கதை பெரும் பணக்காரக் குடும்பங்களின் சதிக்குள் போய்விடும்போது நானும் அவர் பக்கம் சாய்ந்தேன். ஆரம்பத்து இதழ்களில், பெட்டியைப் பெற்றவன் சுடுவானா மாட்டானா என்ற ஒரே கேள்வியில் இருந்த கனம், சதியின் வரைபடம் விரிய விரியக் குறைந்துபோகிறது. ரிஸ்ஸோ வரையும் தெருமுனைகள் மட்டும் கடைசிவரை குறையவில்லை. ஓரத்தில் நின்று பேசும், கதைக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேரைக்கூட அவர் பெயர் தெரிந்தவர்களைப் போல வரைகிறார்.

படத்துக்காக மட்டும் படிப்பவர் ஒருவரும் எங்களோடு உண்டு. கடைப் பெயர்ப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதிப் பிழைக்கும் தம்பி; ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை குறைந்துவிட்டது. அவனுக்கு வேதம், ஃபிராங்க் மில்லர் 1991இல் தொடங்கிய 'சின் சிட்டி'. நரைநிறமே இல்லாமல், கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் மோதவிட்டு மழையையும் சிறைக் கம்பியையும் மில்லர் எப்படிக் கொண்டுவந்தார் என்பதைத் தன் விரலால் மேசையில் வரைந்து காட்டுவான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் சிக்கல் அந்த நகரத்தோடு. அதன் முழுப்பெயர் பேசின் சிட்டி. பேசின் பிரிட்ஜ் நிலையத்தில் சிக்னலுக்காக ரயில் நிற்கும்போதெல்லாம் நாங்கள் இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் எங்கள் பேசினில் காலையில் பால் வண்டி வரும், மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். மில்லரின் பேசினில் யாரும் பள்ளிக்கூடம் போவதில்லை. பெண்கள் எல்லோரும் ஆடுபவர்கள், விற்கப்படுபவர்கள் அல்லது காப்பாற்றப்படுபவர்கள். துப்பாக்கியோடு தங்கள் பேட்டையைத் தாங்களே ஆளும் பெண்களுக்குக்கூட ஆணின் கண்ணுக்கேற்ற உடைதான். அது நகரமன்று, ஒளியமைப்பு. இதைச் சொன்னால் தம்பி கோபித்துக்கொள்வான்: "அண்ணா, நீங்க கதையப் படிக்கிறீங்க, நான் கோட்டப் படிக்கிறேன்."

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் கோட்டை மட்டும் படிப்பது எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை எங்களுக்குக் காட்டிய புத்தகம் 'ஸ்கால்ப்ட்'. ஜேசன் ஆரன் எழுதி, பெரும்பகுதியை ஆர். எம். கெரா வரைந்து, 2007 முதல் 2012 வரை அறுபது இதழ்களாக வந்தது. தெற்கு டகோட்டாவில் 'பிரெய்ரி ரோஸ்' என்ற கற்பனையான பழங்குடி ஒதுக்கீட்டு நிலம். ஒரு காலத்தில் உரிமைப் போராளியாக இருந்த ரெட் குரோ இன்று அந்த மக்களின் தலைவர், சூதாட்ட விடுதியின் முதலாளி, போதைத் தொழிலின் காவலர், எல்லாம் அவரே. ஊரை விட்டு ஓடிப்போன டாஷ் பேட் ஹார்ஸ் ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து அவரிடம் அடியாளாகச் சேர்கிறான். உண்மையில் அவன் எஃப்.பி.ஐ.யின் மறைமுக ஆள். 1975இல் பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டு நிலத்தில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்ட உண்மை நிகழ்ச்சியின் நிழல் கதை முழுவதும் விழுந்திருக்கிறது. எழுத்து என்ற அளவில், நான் படித்த குற்ற காமிக்ஸ்களில் இதைப் போல என்னைப் பிடித்து உலுக்கியது வேறில்லை. ரெட் குரோ செய்வதெல்லாம் கொடுமை. ஆனால் அந்த நிலத்துக்கு வேலையும் பணமும் வேறு எந்த வழியில் வரும் என்று அவர் கேட்கும்போது, அவரை எதிர்ப்பவர்களுக்கும் பதில் கிடைப்பதில்லை.

இதே புத்தகத்தின் மீது பழங்குடி வாசகர்கள் சிலர் வைத்த விமர்சனமும் உண்டு: எங்களைக் குடிகாரர்களாகவும் கொலைகாரர்களாகவும் மட்டுமே காட்டுகிறீர்கள் என்பது. ஆரன் அலபாமா மாநிலத்து வெள்ளைக்காரர். கெரா யூகோஸ்லாவியாவில் பிறந்து ஸ்பெயினில் வாழ்பவர். இந்த விமர்சனம் வந்தபோது எங்கள் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. கலைஞனுக்கு எல்லை போடக் கூடாது, வெளியாள் எழுதக் கூடாதென்றால் பாதி இலக்கியம் இருக்காது என்றான் தம்பி. அண்ணன் முதன்முறையாகப் புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டு வந்து, "நம்மளப் பத்தி எடுக்குற படம் மாதிரியே இருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஊர்ல எவனாவது காலைல எழுந்து ஒழுங்கா வேலைக்குப் போயிருப்பான்ல, அவன் எங்க?" என்றார்.

நான் இரண்டு பக்கமும் முழுதாகச் சேரவில்லை. வெளியாள் எழுதலாம், எழுதியே ஆக வேண்டிய சூழலும் வரும். வேலைக்குப் போகிறவனைக் காட்டுவது அறிமுகப் பிரசுரத்தின் வேலை, குற்றக் கதையின் வேலை அன்று என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் குற்றம் நடக்கிற தெருவில் குற்றம் செய்யாமல் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு முயற்சி வேண்டியிருக்கிறது என்பதைத் தெரிந்த எழுத்தாளர்தான் குற்றத்தின் எடையைச் சரியாகக் காட்ட முடியும். ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பையன்களில் ஒருவன் அரிவாளைத் தூக்கினான் என்றால், தூக்காதவனின் கதை தெரியாமல் தூக்கியவனின் கதை பாதிதான். ஆரன் இதைச் சில இடங்களில் செய்திருக்கிறார்: டாஷின் தாயும் போராளியுமான ஜீனா, ஊருக்கே பாட்டியாக இருக்கும் ஒரு முதியவள், எளிய வாழ்க்கை வாழும் ஒரு வயதான தம்பதி ஆகியோர் வரும் பகுதிகளே தொடரின் உச்சம் என்று நினைக்கிறேன். அவை இன்னும் அதிகமாக இருந்திருந்தால் அந்த விமர்சனத்தின் கூர்மை குறைந்திருக்கும். கதையின் கூர்மை கூடியிருக்கும்.

பதினொன்றாம் வகுப்புப் பையனின் தாயான ஓர் ஆசிரியை அக்காவும் இந்தப் பேச்சில் இடையில் வந்து சேர்ந்தார். மகன் கையில் 'சின் சிட்டி'யைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்தவர். அவருடைய அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1942இல் அமெரிக்காவில் 'கிரைம் டஸ் நாட் பே' என்ற இதழ் வெளிவந்து நன்றாக விற்றது. தலைப்பில் 'கிரைம்' என்ற சொல் மட்டும் பேருருவில் இருக்கும், மற்றச் சொற்களைத் தேடித்தான் படிக்க வேண்டும். இத்தகைய இதழ்கள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாம் 1954இல் ஒரு புத்தகம் எழுதினார்; அதே ஆண்டு செனட் துணைக்குழு விசாரித்தது; பதிப்பாளர்களும் பயந்துபோய்த் தாங்களே காமிக்ஸ் கோட் என்ற விதித்தொகுப்பை ஏற்றார்கள். அட்டையில் 'கிரைம்' என்ற சொல் மற்றச் சொற்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு பெரிதாக இருக்கக் கூடாது, காவலரையும் நீதிபதியையும் மரியாதை குறையும்படி காட்டக் கூடாது, நன்மையே ஒவ்வொரு முறையும் வெல்ல வேண்டும் என்பவை அதன் விதிகளில் சில. அந்த விதிப்படி பார்த்தால் மேடம் தினமும் நீதிமன்றத்தில் பார்க்கும் எதையும் வரைந்திருக்க முடியாது. வெர்தாம் தன் சான்றுகளைத் திருத்தியும் வளைத்தும் எழுதியிருந்தார் என்பதை அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த கரோல் டில்லி 2012இல் வெளிப்படுத்தினார். ஆனாலும் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மனநலச் சிகிச்சை நிலையம் நடத்தியவர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவரை வெறும் வில்லனாக வரைவதும் மோசமான காமிக்ஸ்தான்.

நம் நாட்டிலும் 1956ஆம் ஆண்டிலேயே இளம் வயதினருக்குத் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகளுக்கு எதிரான சட்டம் வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. குற்றச் செயல்களையும் வன்முறையையும் பெரும்பாலும் சித்திரிக்கும் படக்கதைகள், முழுமையாகப் பார்க்கும்போது, இருபது வயதுக்குட்பட்டவரைக் கெடுக்கக்கூடியனவாக இருந்தால் அவற்றை விற்பது குற்றம். இதை மேடம் எடுத்துச் சொன்னபோது அக்காவுக்கு நிம்மதி, தம்பிக்குக் கலக்கம். எனக்கு அதில் பிடித்தது 'முழுமையாகப் பார்க்கும்போது' என்ற நிபந்தனை. ஒரு பக்கத்தைக் கிழித்துக் காட்டித் தீர்ப்புச் சொல்லாதே, கதை எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்று பார் என்கிறது சட்டம். பெரும்பாலான வாசகர்கள் தங்களுக்கு இந்த நிபந்தனையை விதித்துக்கொள்வதில்லை. அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: பையனிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம், நீங்களும் படித்துவிட்டு, இந்த ஊரில் பெண்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று அவனிடம் கேளுங்கள். அவர் கேட்டார் என்றும், மகன் பதில் சொல்லாமல் வேறு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டான் என்றும் பிறகு அறிந்தேன்.

வன்முறையைச் சிரிப்பாக்கும் கதைகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஸ்பெயினில் 1980களின் தொடக்கத்தில் வந்த 'டார்பீடோ' தொடரில் நாயகன் ஒரு கூலிக்கொலைகாரன், இரக்கமே இல்லாதவன். அதை முதலில் வரைந்த பெரும் ஓவியர் அலெக்ஸ் டாத், கதையின் மனப்போக்கு ஒவ்வாமல் இரண்டு கதைகளோடு விலகிக்கொண்டார். ஜோர்டி பெர்னெட் வந்து அதைப் புகழ்பெற வைத்தார். இருவரில் யார் சரி என்று கேட்டால், பெர்னெட்டின் படங்களை வியந்துகொண்டே டாத்தின் பக்கம் நிற்பேன். அந்தக் கைப்பு ஊறுகாய் போல. தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும், அதையே சோறாகப் போட்டால் இறங்காது.

ஊரை வரைவது என்றால் என்ன என்பதற்கு என் கையில் இருக்கும் சான்று பிரெஞ்சு ஓவியர் ஜாக் தார்தி. லியோ மாலே எழுதிய நெஸ்டர் பர்மா துப்பறியும் நாவல்களில் பல பாரிஸின் வட்டாரங்களில் ஒவ்வொன்றாக நடப்பவை. அவற்றில் பதின்மூன்றாம் வட்டாரத்தில் நடக்கும் கதையைத் தார்தி 1982இல் படக்கதையாக்கினார். ரயில் பாதைகள், பாலம், ஈரமான கல்தெரு, தொழிலாளர் குடியிருப்பின் புகைபடிந்த சுவர் ஆகியவை அதில் கொலையைவிட நினைவில் நிற்கின்றன. அதைப் படித்துவிட்டு வால்டாக்ஸ் சாலை வழியாக நடந்தபோது, இந்தச் சாலைக்கு ஒரு தார்தி கிடைக்கவில்லையே என்று பொறாமையாக இருந்தது. வடசென்னை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், மணலியின் குழாய்கள், மழைக்காலத்தில் வழியும் ஓட்டேரி நல்லா என்ற கால்வாய், 1996இல் மூடப்பட்ட பின்னி ஆலை வளாகம் எல்லாம் யாரோ வந்து நிதானமாக வரைவதற்காகக் காத்திருப்பவை. அந்த ஆலை மூடப்பட்டதால் எத்தனை வீடுகளில் மாதச் சம்பளம் நின்றது, அந்த வீடுகளின் பிள்ளைகள் எந்தெந்த வேலைகளுக்குப் போனார்கள் என்பது, எந்தக் கும்பல் சண்டையையும்விடப் பெரிய குற்றக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்து, மீனவர்கள் கையாலேயே அதை அள்ளினார்களே, அதில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அந்தக் கறுப்பை வரைவதற்கு மில்லரின் மை போதுமானதாக இருந்திருக்கும்.

இதை நான் சொல்லிக்கொண்டே இருந்ததாலோ என்னவோ, தம்பி இப்போது எட்டுப் பக்கத்தில் ஒரு கதை வரைகிறான். நிபந்தனை ஜாமீனில் வந்தவன் காலையில் கையெழுத்துப் போடப் போகிறான், கதை அவ்வளவுதான். மேடம் நடைமுறைப் பிழைகளைத் திருத்துகிறார்: பதிவேடு எந்த மேசையில் இருக்கும், எவ்வளவு நேரம் நிற்க வைப்பார்கள், அதற்குள் எத்தனை ஏவல் வேலை வாங்குவார்கள் என்பவை போன்றவை. அண்ணனுக்கு அவன் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டும். தம்பிக்கு மழை வேண்டும், ஏனென்றால் மழை நன்றாக வரைய வரும். காவல் நிலையத்தின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை. போட வேண்டும் என்பது என் கட்சி. பெயரில்லாத தெருவில் நடந்தால் அது எல்லாருடைய மனத்திலும் தானாகவே புளியந்தோப்பாகிவிடும்.

இவ்வகைப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு சொல். இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன, விலையும் அதிகம். ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் தேடலாம், அல்லது எங்களைப் போல நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கொன்று வாங்கிக் கைமாற்றலாம். தமிழில் லயன்-முத்து வெளியிடும் படைப்புகளிலிருந்து தொடங்குபவர்கள் 'இரத்தப் படல'த்தை எடுக்கலாம். நினைவிழந்த ஒருவனைக் கொலைகாரன் என்று ஊரே துரத்தும் அந்தக் கதை இன்றும் தளரவில்லை. ஆங்கிலத்தில் என்றால் 'கிரிமினல்' முதலில், தார்தியின் பாரிஸ் அடுத்து, அதன் பின் 'ஸ்கால்ப்ட்'. 'சின் சிட்டி'யை நான்காவதாக வைக்கிறேன். அதையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம், தம்பியிடம் இரண்டு பிரதி இருக்கிறது.